ஷரோன் ஜோன்ஸ்: காலந்தாழ்த்திக் கேட்கப்பட்ட குரல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவரலாற்றில் சோல், ஃபங்க் என்னும் இரு வடிவங்களும் 1950களின் நடுப்பகுதிக்கும் 1970களின் இறுதிக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் தோன்றி, உச்சம் கண்டு, பின்னர் வணிகச் சந்தையின் ஓரத்துக்கு ஒதுங்கியவை என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கால எல்லையாகும். இந்த எல்லைக்குள் அடங்காத கலைவாழ்வு ஷரோன் ஜோன்ஸ் என்னும் பாடகியுடையது. 1956இல் பிறந்து, அவ்விசையின் பொற்காலத்தில் சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் வளர்ந்த அவர், தம் பெயர் தாங்கிய முதல் இசைத்தொகுப்பை 2002இல், நாற்பது வயதைக் கடந்த பின்னரே வெளியிட்டார். 2016இல், 60ஆம் வயதில் மறைந்தார். காலங்கடந்து கண்டெடுக்கப்பட்டவர் என்று அவரைக் குறிப்பது வழக்கமாகிவிட்டது. எனினும் அவருடைய வாழ்க்கையின் நிகழ்வுகளை வரிசைப்படுத்தி நோக்கினால், காலந்தாழ்ந்தது அவருடைய கலை அன்று, அதைக் கேட்க வேண்டிய இசைத்தொழிலின் செவியே என்பது தெளிவாகும்.

இரு சொற்களின் வேர்

சோல் என்ற சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். கறுப்பினக் கிறித்தவத் தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பெல் எனும் நற்செய்திப் பாடல்களின் பாடுமுறையைக் காதல், பிரிவு, வறுமை, தன்மானம் முதலிய உலகியற் பொருள்களுக்கு ஏற்றிப் பாடியபோது உருவான இசைக்கு இப்பெயர் நிலைத்தது. 1954இல் ரே சார்ல்ஸ் பதிவு செய்த 'ஐ காட் எ வுமன்' என்ற பாடல் இம்மாற்றத்தின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. முதற்பாடகர் ஓர் அடியை எடுக்கக் குழுவினர் அதற்கு விடை சொல்லும் முன்பாட்டு பின்பாட்டு முறை, ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்து நீட்டுதல், சபையோரின் உணர்வெழுச்சியைப் பார்த்துப் பாடலை அங்கேயே வளர்த்தல் ஆகியவை தேவாலயம் இவ்விசைக்குத் தந்த செல்வங்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனமும் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனமும் 1960களில் இவ்விசையை நாடெங்கும் கொண்டுசென்றன.

ஃபங்க் என்பது சோல் இசையிலிருந்து கிளைத்து, இன்னிசையைக் காட்டிலும் தாளத்தை முதன்மைப்படுத்திய வடிவமாகும். ஜேம்ஸ் பிரவுன் 1965இலும் 1967இலும் வெளியிட்ட பாடல்களில், குறிப்பாக 'கோல்ட் ஸ்வெட்' என்ற பாடலில், இதன் இலக்கணம் துலங்கியது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றின் முதல் எண்ணில் முழு அழுத்தம் விழ, பேஸ் கிட்டாரும் சாதாரண கிட்டாரும் ஊதுகருவிகளும் தனித்தனிச் சிறு துணுக்குகளை இடைவிடாது திருப்பித் திருப்பி வாசிக்க, எல்லாக் கருவிகளுமே தாளக்கருவிகளாக மாறிவிடுகின்றன. இந்த அடர்ந்த தாளப் பின்னலுக்கு மேலே பாடகரின் குரலும் இன்னொரு முழவைப் போல வெட்டி ஒலிக்க வேண்டும் என்பதால், இனிமையைவிட வலிமையும் நேரந்தவறாமையும் அங்கே மிகுதியாக வேண்டப்பட்டன. பிரவுனின் குழுவில் பாடிய விக்கி ஆண்டர்சன், மார்வா விட்னி, லின் காலின்ஸ் ஆகிய மூவரும் இத்தகைய குரல் படைத்தவர்கள். ஆயினும் அவர்களுடைய இசைத்தட்டுகள் பிரவுனின் பெயர் நிழலிலேயே பெரிதும் நின்றுவிட்டன. ஷரோன் ஜோன்ஸ் பிற்காலத்தில் தொடர்ந்து வளர்த்தது இப்பெண்களின் மரபையே.

சவன்னா ஆற்றங்கரையிலிருந்து புரூக்ளினுக்கு

ஷரோன் லஃபாயே ஜோன்ஸ் 1956 மே 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆகஸ்டா நகரில், ஆறு குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்தார். சவன்னா ஆற்றுக்கு அக்கரையில், தென் கரோலினா மாநிலத்திலுள்ள வட ஆகஸ்டா அவருடைய குடும்பத்தின் ஊர். பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்திருந்தபோதிலும், தென்மாநிலங்களின் அன்றாட வாழ்க்கையில் அப்பிரிவினை தளராதிருந்த காலம் அது. ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த ஊரும் ஆகஸ்டாவே ஆதலால், அவருடைய பாட்டும் ஆட்டமும் அப்பகுதிக் குழந்தைகளுக்கு எங்கோ இருக்கும் நட்சத்திரத்தின் புகழாக இல்லாமல் ஊர்ச்சொத்தாகவே இருந்தன. ஷரோனும் அவருடைய உடன்பிறந்தாரும் அவரைப்போல் ஆடிப் பாடியே விளையாடினர்.

1910களில் தொடங்கி 1970 வரை, ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்தும் வறுமையிலிருந்தும் விலகி வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரும் இடப்பெயர்வு என்பர். ஷரோனின் தாயும் தம் குழந்தைகளுடன் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில், கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் குடியேறினார். அங்கே ஷரோனுக்கு இசைப்பள்ளியாக அமைந்தது தேவாலயமே. குரலை நெஞ்சிலிருந்து எழுப்பிக் கூட்டத்தின் இறுதி வரிசைவரை சேர்க்கும் பயிற்சியும், கேட்போரின் முகம் பார்த்துப் பாட்டை நடத்தும் பயிற்சியும் அவருக்கு அங்கேதான் கிடைத்தன. பின்னாளில் உலகின் எந்த அரங்கில் நின்று பாடியபோதும், தேவாலயத்தில் பாடுவதை அவர் கைவிடவில்லை.

பெயர் வெளிவராத ஆண்டுகள்

1970களின் நடுப்பகுதியில் டிஸ்கோ எனும் நடன இசை சந்தையைப் பற்றிக்கொண்டது. அடுத்த பத்தாண்டில், மின்னணுச் சுரக்கருவிகளும் தாளத்தைத் தானே இயற்றித் தரும் டிரம் மெஷின்களும் பரவியபோது, எட்டுப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊதுகருவிக் குழுவை நடத்துவது வீண்செலவாகக் கருதப்பட்டது. ஷரோன் தொழில்முறையில் நிலைகொள்ள முயன்ற ஆண்டுகள், அவருடைய குரலுக்கு உரிய இசையே சந்தையிலிருந்து விலகிய ஆண்டுகளாக அமைந்துவிட்டன. திருமணங்களிலும் விருந்துகளிலும் பாடும் குழுக்களில் பாடியும், ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருடைய பாடல்களுக்குப் பெயரில்லாமல் பின்பாட்டுப் பாடியும் அவர் தொழிலைத் தொடர்ந்தார்.

திருமண வீட்டுப் பாட்டை இசை வரலாறுகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பயிற்சிக்களமாக அது எளிய இடமன்று. பல தலைமுறையினர் கூடியிருக்கும் அவையில், பாட்டைக் கேட்பதற்காக வராத மனிதர்களை ஆட்டத்துக்கு எழுப்ப வேண்டும். இருபது முப்பது ஆண்டுப் பாடல்களை நினைவில் வைத்திருந்து, கேட்டவுடன் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் தொண்டை தளராமல் பாட வேண்டும். இவ்வகைக் குழுவில் அவருடன் பாடிய சாண்ட்ரா வில்லியம்ஸ், ஸ்டார் டங்கன் இருவரும் பல ஆண்டுகளுக்குப் பின் உலக அரங்குகளில் அவருடைய பின்பாட்டுக்காரர்களாக நின்றார்கள் என்பது, அக்களத்தில் வளர்ந்த திறன் எத்தகையது என்பதற்குப் போதுமான சான்று.

பாட்டு மட்டும் வாழ்க்கைக்குப் போதவில்லை. 1980களின் பிற்பகுதியில் அவர் நியூயார்க் நகரத்தின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகப் பணியாற்றினார். வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் ஆயுதம் தாங்கிய காவலராகவும் வேலை பார்த்தார். சிறையில் இரவு அறைகளைப் பூட்டும் வேளையில், விட்னி ஹூஸ்டனின் பாடலைப் பாடினால்தான் உள்ளே போவோம் என்று கைதிகள் கேட்க, அவர் பாடியதாகப் பின்னாளைய நேர்காணல்களில் கூறியிருக்கிறார். இதே காலத்தில், பெரிய இசைத்தட்டு நிறுவனமொன்றைச் சேர்ந்தவர், நிறம் மிகக் கறுப்பு, உடல் மிகப் பருமன், உயரம் மிகக் குறைவு, இருபத்தைந்தைத் தாண்டிய வயதோ மிக அதிகம் என்று காரணங்களை அடுக்கி அவரைத் தள்ளியதையும் அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்நான்கு காரணங்களுள் ஒன்றுகூடக் குரலைப் பற்றியதன்று என்பது கருதத்தக்கது. இசைக்காட்சித் தொலைக்காட்சி பரவிய 1980களில் பாடகியின் தோற்றமே விற்பனைப் பொருளாகிவிட்டதால், பெண்ணின் பாட்டை அளக்கும் கோல் செவியிலிருந்து கண்ணுக்கு மாறியது; வெளிர்நிறத்துக்கு முன்னுரிமை தரும் பழைய நிறவெறியும் அதனோடு சேர்ந்துகொண்டது.

டெஸ்கோவிலிருந்து டாப்டோன் வரை

சந்தை கைவிட்ட ஃபங்க் இசையை 1980களின் பிற்பகுதியில் ஹிப் ஹாப் கலைஞர்கள் வேறுவழியில் மீட்டனர். பழைய இசைத்தட்டின் சில நொடித் துணுக்கை வெட்டியெடுத்துத் தம் பாடலுக்கு அடித்தளமாக்கும் சாம்ப்ளிங் என்ற முறையால், ஜேம்ஸ் பிரவுன் குழுவின் தாளங்களும் லின் காலின்ஸின் குரலும் புதிய தலைமுறையின் செவிகளை எட்டின. அத்துணுக்குகளின் மூலத்தைத் தேடிய இளைஞர்கள், நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குல இசைத்தட்டுகளைப் பழைய கடைகளில் தேடிச் சேர்க்கத் தொடங்கினர். அத்தகைய சேகரிப்பாளர்களுள் கேப்ரியல் ராத், பிலிப் லேமன் என்ற இருவர் 1990களின் நடுவில் நியூயார்க்கில் டெஸ்கோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, புதிதாகப் பதிவு செய்த ஃபங்க் பாடல்களை 1970களின் அரிய தட்டுகளைப்போலவே தோற்றமளிக்கும் வகையில் வெளியிட்டனர்.

1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற மூத்த சோல் பாடகரின் பாடலுக்குப் பின்பாட்டுப் பாட இவர்கள் மூன்று பெண்களை எதிர்பார்த்திருக்க, வந்தவர் ஷரோன் ஜோன்ஸ் ஒருவரே. மூவரும் பாட வேண்டிய பகுதிகளை அவர் தனியொருவராகவே பாடி முடித்தார். அதைக் கேட்டு வியந்தவர்கள் 'ஸ்விட்ச்பிளேட்' என்ற தனிப்பாடலையும் அவரைக் கொண்டு பதிவு செய்தனர். அப்போது அவருக்கு வயது 40. டெஸ்கோவின் பங்காளிகள் 2000 அளவில் பிரிந்த பின், ராத், சாக்ஸபோன் கலைஞர் நீல் ஷுகர்மனுடன் சேர்ந்து டாப்டோன் நிறுவனத்தை அமைத்தார். போஸ்கோ மேன் என்ற புனைபெயரில் ராத் பேஸ் கிட்டார் வாசிக்க, ஹோமர் ஸ்டைன்வைஸ் டிரம்ஸ் வாசிக்க, பிங்கி கிரிப்டைட் கிட்டார் வாசிக்க, ஷரோனின் குழுவாக டாப்-கிங்ஸ் உருப்பெற்றது. 2001 கோடையில் பார்சிலோனா நகரின் அரங்கொன்றில் தொடர்ச்சியாகப் பாடும் வாய்ப்பு வந்தபோது, அங்கே விற்பதற்கென்று பதிவு செய்த பாடல்களே 'டாப் டிப்பின்' என்று தொடங்கும் தலைப்புடன் 2002இல் முதல் தொகுப்பாக வெளிவந்தன.

புரூக்ளினின் புஷ்விக் பகுதியில், ட்ரவுட்மன் தெருவிலிருந்த பழைய வீட்டை இசைக்கலைஞர்களே தங்கள் கைகளால் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினர். கணினி வழியாகக் கணக்கற்ற தடங்களில் பதிவு செய்து பின்னர் விரும்பியவாறு திருத்திக்கொள்ளும் முறை உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட காலத்தில், அக்கூடம் எட்டுத் தடங்கள் மட்டுமே கொண்ட காந்த நாடாவில் பதிவு செய்தது. தடம் என்பது நாடாவில் ஓர் ஒலியைத் தனியாகப் பதியவைக்கும் கீற்று. எட்டே தடங்கள் இருக்கும்போது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தடம் ஒதுக்க இயலாது. கலைஞர்கள் ஓரறையில் கூடியிருந்து ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்டு ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதையும் பதிவின்போதே முடிவு செய்தாக வேண்டும். பிழையை ஒட்டுப்போட்டு மறைக்கும் வசதி குறைவு என்பதால், ஒத்திகையிலேயே பாடல் முழுமை பெற வேண்டும். தேவாலயத்திலும் திருமண மேடையிலும் ஒரே முறையில் சரியாகப் பாடிப் பழகிய குரலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. டாப்டோன் கூடம் பழமையைப் போற்றியது என்று சொல்வது பாதி உண்மைதான்; கூடியிருந்து வாசிக்கும் மனிதர்களின் திறமையை அது போற்றியது என்பதே முழு உண்மை.

மேடையும் புகழும்

2005இல் 'நேச்சுரலி', 2007இல் '100 டேஸ், 100 நைட்ஸ்', 2010இல் 'ஐ லேர்ன்ட் தி ஹார்டு வே' எனத் தொகுப்புகள் தொடர்ந்தன. இறுதியாகச் சொன்னது அமெரிக்கப் பில்போர்டு விற்பனைப் பட்டியலின் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. ஆயினும் ஷரோன் ஜோன்ஸின் புகழுக்கு அடித்தளம் மேடையே. ஜேம்ஸ் பிரவுன் காலத்து முறைப்படி, முதலில் குழுவினர் மட்டும் சில உருப்படிகளை வாசித்து அவையைச் சூடேற்ற, கிரிப்டைட் பாடகியின் பெயரை முழங்கி அழைக்க, அதன் பின்னரே அவர் மேடையேறுவார். ஐந்தடி உயரத்தைத் தாண்டாத அவர், காலணிகளைக் கழற்றிவிட்டு, 1960களின் நடனங்களைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக ஆடிக்காட்டி, பார்வையாளரை மேடைக்கு அழைத்து, அவர்களுடன் பேச்சும் பாட்டுமாகக் கலந்து நிகழ்ச்சியை நடத்துவார். பாடலிலும் அவர் புலம்பும் பெண்ணாக நின்றது அரிது. ஏமாற்றிய காதலனையும் வாழ்க்கையையும் நேருக்கு நேர் கணக்குக் கேட்கும் பெண்ணின் குரல் அது. நாற்பது, ஐம்பது வயதின் பட்டறிவு இல்லாமல் அக்குரலில் அத்தனை உறுதி வந்திராது.

இவ்விசை உலகெங்கும் பரவியதில் ஒரு முரண் உண்டு. ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2006இல் வெளியிட்ட 'பேக் டு பிளாக்' தொகுப்புக்காக, தயாரிப்பாளர் மார்க் ரான்சன் டாப்-கிங்ஸ் கலைஞர்களை அமர்த்தி, 'ரீஹேப்' உள்ளிட்ட பாடல்களைப் புஷ்விக் கூடத்தில் பதிவு செய்தார். ஷரோனுக்குப் பின்னால் பல ஆண்டுகள் ஒலித்துப் பண்பட்ட தாளமும் ஊதுகருவி ஒலியும், 23 வயது வெள்ளைப் பெண்ணொருவரின் குரலோடு சேர்ந்து கோடிக்கணக்கானோரை எட்டின. 2008இல் அவர் ஐந்து கிராமி விருதுகள் பெற்றார். வைன்ஹவுஸின் திறமை ஐயத்துக்கு இடமற்றது. அவர் பெற்ற வெற்றி ஷரோனின் குழுவைப் பலருக்கு அறிமுகம் செய்தது என்பதும் உண்மை. ஆனால் அதே ஒலி, அதே கூடம், அதே கலைஞர்கள் என்றிருந்தும், பெருநிறுவனங்களின் கதவு எந்தத் தோற்றத்துக்கு, எந்த வயதுக்குத் திறந்தது என்பதை இந்நிகழ்வைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்று அக்கால இசைவரலாற்றில் அரிது.

இறுதி ஆண்டுகள்

2013இல் அடுத்த தொகுப்பு வெளிவர இருந்த வேளையில், அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பித்தநாளத்தில் என்று முதலில் கருதப்பட்ட அது, கணையத்தைச் சேர்ந்தது என்று பின்னர் உறுதியாயிற்று. அறுவை மருத்துவமும் தொடர்ந்து வேதி மருத்துவமும் நடந்தன. தொகுப்பின் வெளியீடு தள்ளிப்போடப்பட்டு, 'கிவ் தி பீப்பிள் வாட் தே வான்ட்' என்ற பெயரில் 2014 ஜனவரியில் வந்தது. அடுத்த மாதமே நியூயார்க்கின் பீக்கன் அரங்கில், மருந்தால் முடி உதிர்ந்த தலையைப் பொய்முடியால் மறைக்காமல், அவர் மீண்டும் மேடையேறினார். தோற்றத்தைக் காரணங்காட்டி ஒருகாலத்தில் தள்ளப்பட்ட பெண், நோய் மாற்றிய தோற்றத்தையும் மறைக்காமல் அவைமுன் நின்றது அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் ஒத்த செயல். அத்தொகுப்பு சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் தொகுப்புக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த முதற் பரிந்துரை அதுவே.

அவருடைய நோயையும் மீட்சியையும் உடனிருந்து பதிவு செய்தவர், இருமுறை ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்பட இயக்குநர் பார்பரா கோப்பிள். அப்படம் 2015 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, நோய் மீண்டும் வந்திருப்பதை ஷரோன் அங்கேயே அறிவித்தார். மருத்துவத்துக்கு இடையிடையே 2016 கோடையிலும் அவர் ஊர் ஊராகச் சென்று பாடினார். இறுதித் தொகுப்புக்கான பாடல்களையும் உடல் இடங்கொடுத்த நாள்களில் அதே எட்டுத் தட நாடாவில் பதிவு செய்தார். 2016 நவம்பர் 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் அவர் உயிர் பிரிந்தது.

இந்த வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் வரலாற்றுப் பாடம், விடாமுயற்சி வெல்லும் என்ற பொதுவான ஆறுதலோடு முடிந்துவிடுவதன்று. 1996க்கு முந்தைய இருபது ஆண்டுகளிலும் அவர் பாடிக்கொண்டேதான் இருந்தார், முயற்சியில் குறையில்லை. குறைவாயிருந்தது, குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் நிறுவனம். இசைக்கலைஞர்களே கட்டி, இசைக்கலைஞர்களே நடத்திய சிறு கூடம் ஒன்று அக்குறையை நீக்கியவுடன், எஞ்சிய இருபது ஆண்டுகளில் அவரால் இவ்வளவு செய்ய முடிந்தது. அவருக்கு முன் மார்வா விட்னி, லின் காலின்ஸ் போன்றோர்க்கு அத்தகைய கூடம் வாய்க்காததால் இழந்தது எவ்வளவு என்பதை, அவர் விட்டுச்சென்ற தொகுப்புகளே உணர்த்துகின்றன.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, 2017 நவம்பர் 17 அன்று 'சோல் ஆஃப் எ வுமன்' வெளிவந்தது. அதன் இறுதிப் பாடலான 'கால் ஆன் காட்', பல பத்தாண்டுகளுக்கு முன் புரூக்ளின் தேவாலயத்தில் தம்முடன் பாடிய குழுவுக்காக ஷரோன் ஜோன்ஸ் எழுதியது. அவர் பாடி வைத்துச் சென்ற அப்பாடலுக்கு, அவர் மறைந்த பின் கூடிய அப்பழைய குழுவினரே பின்பாட்டுப் பாடியிருக்கிறார்கள்.